காபிக்கு இருநூறு மில்லி

திங்கட்கிழமை காலை 5.40. எங்கள் டயாலிசிஸ் சென்டரின் எடை மெஷின் முன்னால் ஆறு பேர் வரிசையாக நிற்போம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். விடைத்தாள் திருத்திக் கொடுக்கும் நாளில் வகுப்பில் ஒரு அமைதி இருக்குமே, அந்த அமைதி. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி, கைபேசியைப் பையில் போட்டுவிட்டு மேலே ஏறுவோம். அந்தக் கைபேசி ஒரு 200 கிராம் இருக்கும், அதையும் எதற்கு நம் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? டெக்னீஷியன் தம்பி எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வான்.

"ரெண்டு இருநூறுக்கா. ஞாயித்துக்கிழமை என்ன, ரசமா?"

ரசம்தான். கண்டுபிடித்துவிட்டான்.

என் டிரை வெயிட் 54 கிலோ. உடம்பில் உபரித் தண்ணீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை அது. வெள்ளிக்கிழமை மதியம் 54-ல் இறங்கிப் போனவள் திங்கள் காலை 56.2-ல் வந்து நிற்கிறேன். நடுவில் குடித்ததும், இட்லியிலும் சோற்றிலும் ஒளிந்து வந்ததும், வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்ட தண்ணீர்தான் அந்த இரண்டு கிலோ இருநூறு. எனக்குச் சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வந்தாலே அதிகம்.

போன மாதம் இப்படி ஒரு திங்கட்கிழமை, ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, முதுகலை நர்சிங் படிக்கும் ஒரு பெண் கையில் காகிதக் கட்டோடு வந்தாள். "ஆன்ட்டி, ஒரு இருபது நிமிஷம் பேசலாமா? உங்க குவாலிட்டி ஆஃப் லைஃப் பத்தி." நான்கு மணி நேரம் எங்கேயும் எழுந்து போக முடியாத ஆளிடம் இப்படி அனுமதி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

மொத்தம் 36 கேள்விகள். சிறுநீரக நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகம் முழுக்க இந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்களாம். அமெரிக்காவில் தயாரானது என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது போன்ற வேலைகளுக்கு உங்கள் உடல்நிலை தடையாக இருக்கிறதா என்று கேட்கிறது. அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே, "வீடு பெருக்கறதுன்னு வெச்சுக்கலாம் ஆன்ட்டி" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆட்டோக்கார அண்ணன் கண்ணை மூடியபடியே சொன்னார்: "நந்தனத்துல கோல்ஃப் கிளப் வாசல் வரைக்கும் சவாரி போயிருக்கேம்மா. அதை எதுல சேர்ப்பே?"

எவ்வளவு தொந்தரவு என்று கேட்கும் கேள்விகளுக்கு 'கொஞ்சமும் இல்லை' என்பதில் தொடங்கி 'அளவுக்கு மீறி' வரை ஐந்து பதில்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு உங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேட்டபோது நான் 'ஓரளவு' என்றேன். நடுவில் இருந்தது, சொல்லிவிட்டேன். சின்னப் பெண்ணின் முன்னால் அழுமூஞ்சியாகத் தெரியக் கூடாது என்கிற எண்ணமும் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அந்த 'ஓரளவு' என்னைப் படுத்த ஆரம்பித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அனுமதித்த அளவு ஒரு நாளைக்கு 750 மில்லி. முந்தைய நாள் சிறுநீர் எவ்வளவு வந்ததோ அதோடு 500 மில்லி, இதுதான் பொதுவான கணக்கு. காலையில் ஒரு பாட்டிலில் 750-ஐ அளந்து ஊற்றி வைத்துக்கொள்வேன். 100 மில்லி காபி குடித்தால் பாட்டிலிலிருந்து 100 மில்லியை எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிட வேண்டும். மோர் குடித்தாலும் அப்படித்தான். பாட்டில் காலியானால் அன்றைய கோட்டா முடிந்தது. எங்கள் வீட்டுத் துளசி இந்தத் தெருவிலேயே செழிப்பானது.

டயாலிசிஸ் ஆரம்பித்த மூன்றாவது மாதத்தில் டாக்டர் ஒன்று சொன்னார். "தாகத்தோட சண்டை போடாதீங்க, ஜெயிக்க முடியாது. உப்போட சண்டை போடுங்க." இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது இதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சிப்ஸ் எல்லாவற்றையும் விட்ட பிறகுதான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது நின்றது. உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடு ஒரு பாக்கெட் லோ சோடியம் உப்பு வாங்கி வந்தார். அந்த வகை உப்பில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். அதை வெளியேற்ற முடியாத எங்களுக்கு அது விஷத்துக்குச் சமம். நல்லவேளை, மகள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள்.

உப்பைக்கூட ஜெயித்துவிடலாம். சென்னைக் கோடையையும் நம் ஊர் விருந்தோம்பலையும் எப்படி ஜெயிப்பது? அக்னி நட்சத்திரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்பே சொம்பில் தண்ணீர் வரும். வேண்டாம் என்று சொல்வது அநேகமாக அவமரியாதை. "எங்க வீட்டுத் தண்ணி கேன் தண்ணிதான், பயப்படாதீங்க" என்று ஒரு மாமி சொன்னார், நான் தண்ணீரின் சுத்தத்தைச் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டு. தெருமுனையில் மோர்ப்பந்தல் போட்டிருப்பார்கள், கட்சிக்காரத் தம்பி ஓடிவந்து கையில் டம்ளரைத் திணிப்பான். இளநீர்க் கடைக்காரர் பழகியவர் ஆயிற்றே என்று சீவிக்கொண்டே கூப்பிடுவார். இளநீரில் தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்தே இருக்கின்றன, எனக்கு இரட்டைக் குற்றம். இந்த ஊரில் அன்பைத் தண்ணீராகத்தான் கையில் கொடுப்பார்கள். அதை நான் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே மறுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து கட்டங்களில் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. நான் மெஷினில் இருக்கும்போது நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. கிட்டத்தட்ட முழுக்கவும் தண்ணீர்தான். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர். ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் தண்ணீரும் இந்தப் பக்கம் என் ரத்தமும் எதிரெதிராக ஓடி, யூரியாவையும் பொட்டாசியத்தையும் அதனிடம் தள்ளிவிட்டு வரும். வாரத்துக்கு 360 லிட்டர் தண்ணீர் என் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது, நான் பாட்டிலில் மில்லி எண்ணுகிறேன். ஆர்.ஓ.வில் கழித்துவிடும் தண்ணீர் தனி. 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோது எனக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை. அந்த வருடம் மெஷினில் இருந்த மூத்தவர்கள், லாரி வராத நாளில் ஷிஃப்ட் தள்ளிப்போன கதைகளை இப்போதும் சொல்வார்கள்.

எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-ல் மகள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் பி.பி. ஏறியது. பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிட்டது என்றார்கள், நானும் மறந்துவிட்டேன். கர்ப்பகாலத்தில் பி.பி. வந்தவர்கள் அதற்குப் பிறகும் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2017-ல் கண்ணாடி மாற்றப் போனேன். கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க உடனே பி.பி. பாருங்கம்மா" என்றார். 190-க்கு 110. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் 3.4. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. பி.பி. சிறுநீரகத்தைக் கெடுத்ததா, சிறுநீரகம் பி.பி.யை ஏற்றியதா என்று கேட்டேன். அந்தக் கட்டத்தில் அதைச் சொல்ல முடியாதாம். அது வரைக்கும் ஒரு வலி கிடையாது, ஒரு காய்ச்சல் கிடையாது. சிறுநீரகம் அப்படிப்பட்ட உறுப்பு. மாமியாருக்குப் பயந்த மருமகள் மாதிரி, முக்கால்வாசி போன பிறகுதான் வாயைத் திறக்கும்.

இதே சென்னையிலிருந்து டாக்டர் எம்.கே. மணி கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பை நடத்தி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கவைத்து, விலை குறைந்த மாத்திரைகளால் கட்டுப்படுத்திக் காட்டினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே வீட்டுக்கு வந்து பி.பி. மாத்திரை தருகிறது. அதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். மடிப்பாக்கத்தில் மாடி வீட்டில் இருந்த படித்த பெண்ணான என் கதவைப் பதின்மூன்று வருடம் யாரும் தட்டவில்லை, நானும் எங்கேயும் போய்த் தட்டவில்லை.

நான்கு வருடம் மாத்திரையிலும் பத்தியத்திலும் இழுத்தோம். அப்போது புரதத்தைக் குறை என்றார்கள், பருப்பை எண்ணிப் போட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் புரதத்தைக் கூட்டு, தினமும் முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடு என்றார்கள். பழைய பத்தியம் புதுக் குற்றம் ஆகிவிட்டது. 2021-ல் உலக சிறுநீரக தினத்தின் கருப்பொருள் 'சிறுநீரக நோயோடு நன்றாக வாழ்வது'. அந்த அக்டோபரில்தான் நான் முதன்முதலாக மெஷினில் படுத்தேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பே இடது கையில் ஃபிஸ்டுலா போட்டாயிற்று. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து, சிரை சில வாரங்களில் தடித்து, தடிமனான ஊசியைத் தாங்கும். நியூயார்க் மருத்துவர்கள் 1966-ல் அறிமுகப்படுத்திய இந்த ஒரு தையல் இல்லாவிட்டால் இத்தனை பேர் இத்தனை வருடம் டயாலிசிஸில் ஓட்டியிருக்க முடியாது. கையை வைத்தால் உள்ளே 'ர்ர்ர்' என்று அதிரும். என் மகள் முதல் நாள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ள பூனை தூங்குது" என்றாள். அன்றிலிருந்து அது பூனைதான். தினமும் விழித்ததும் கண்ணைத் திறக்கும் முன்பே வலது கை போய் பூனையைத் தொட்டுப் பார்க்கும். அதிர்வு நின்றால் ரத்தம் கட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும்.

அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பை மாட்டக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. வளையலும் கூடாது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் அத்தை ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏளா, என்ன ஒத்தக் கை மூளியா இருக்கு?" நான் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்து அவள் விரலைப் பூனை மேல் வைத்தேன். பாம்பைத் தொட்டதுபோலப் பின்வாங்கினாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, மறுபடி தொட்டுப் பார்த்தாள். போகும்போது வலது கைக்கு மட்டும் ஆறு கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். படிவத்தில் 'உங்கள் தோற்றம் பற்றி' என்று ஒரு கேள்வி இருந்தது. எனக்கு இந்த அத்தைதான் நினைவுக்கு வந்தாள். அதற்கு முந்தைய கேள்வி தாம்பத்தியம் பற்றியது. மாணவி அதைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பினாள், நானும் கேட்கவில்லை. நம் ஊர் ஆய்வுகளில் அந்தக் கட்டம் எத்தனை பேருக்குக் காலியாகக் கிடக்குமோ.

சமையலில் எனக்கென்று ஒரு சின்னக் கடாய். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் ஓரளவு போய்விடும். சுவையும் போய்விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாழைப்பழம், கீரை, தக்காளி, சாத்துக்குடி என்று ஒரு டாக்டர் மற்ற எல்லாருக்கும் எழுதிக்கொடுக்கும் பட்டியலை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் அது என் பட்டியல். ஒரு எச்சரிக்கை மட்டும். வண்டிகளில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற நட்சத்திரப்பழத்தைச் சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. அதிலிருக்கும் ஒரு நச்சு மூளையைத் தாக்கும், நிற்காத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும், உயிரையும் எடுக்கும்.

சரி, மிக்ஜாம் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அட்டவணை திங்கள், புதன், வெள்ளி. வெள்ளியிலிருந்து திங்கள் வரையிலான அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாரடைப்பும் மரணமும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2023 டிசம்பர் 4, புயல் மழை சென்னையை மூழ்கடித்த அந்த நாள், திங்கட்கிழமை. விடியும்போதே கீழ் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. சென்டருக்குப் போனாலும் பயனில்லை, அங்கேயும் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் என்று பிறகு தெரிந்தது. என்னைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர். எனக்குள்ளேயும் தண்ணீர். அன்றைக்கு நான் குடித்தது 300 மில்லி.

கணவர் ரொட்டியும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். வீட்டில் வாழைத்தார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. பொட்டாசியத்தை இறக்கும் பவுடர் இரண்டு பாக்கெட் கைவசம் இருந்ததில் ஒன்றைக் கரைத்துக் குடித்தேன், மணல் மாதிரி இருக்கும். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். மகள் தூங்காமல் என் கையில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பூனை ஓடுகிறதா என்று பார்க்கிறாளாம்.

செவ்வாய் மதியம் மீனவர்கள் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பால், ரொட்டி கொடுக்க வந்தவர்கள். கணவர் மாடியிலிருந்து, "டயாலிசிஸ் பேஷண்ட்" என்று கத்தினார். அந்த வார்த்தை அவர்களுக்குப் புரிந்தது. அவர்களில் பெரியவர் ஒருவர், "எங்க அண்ணனும் போட்டுக்கறாரும்மா, உட்காருங்க" என்றார். மெயின் ரோடு வரை படகு, அங்கிருந்து டிராக்டர், அப்புறம் ஆட்டோ. ஜெனரேட்டர் ஓடிய ஒரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துப் போனால், "வைரல் ரிப்போர்ட் எங்க?" என்றார்கள். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை முடிவுகள் இல்லாமல் புது ஆளை மெஷினில் போட மாட்டார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டின் படம் என் கைபேசியில் இருக்கிறது, கைபேசி செத்துக் கிடக்கிறது. அப்போது என் மகள் துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு பால் கவர் கட்டை எடுத்தாள். நாலைந்து கவருக்குள் சுற்றி ஃபைலைக் கொண்டுவந்திருந்தாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

எடை போட்டார்கள். மூன்று நானூறு கூடுதல். ஒரே மூச்சில் அவ்வளவையும் எடுத்தால் பி.பி. விழுந்துவிடும் என்று ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மறுநாள் மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டாவது மணி நேரத்தில் மூச்சு இலேசாகி நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மகள் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், பால் கவர்களை மடித்து மடியில் வைத்தபடி. அந்த ஃபைலின் ஒரு நகல் இப்போது என் கைப்பையில் ஜிப் போட்ட உறையில் நிரந்தரமாக இருக்கிறது. டயாலிசிஸில் உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன் இந்த ஒரு வேலையையாவது செய்துவையுங்கள்.

மாற்று சிறுநீரகம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. "யாராவது குடுக்கக் கூடாதா?" எவ்வளவு சுலபமான கேள்வி! அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. கணவருக்குப் பி.பி. இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். மகள் கேட்டாள், நான் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றேன். அண்ணன் முதலில் சரி என்றான். பரிசோதனைக்குப் போக வேண்டிய வாரத்தில் அவன் போன் சுவிட்ச் ஆஃப். அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன், இரண்டு பிள்ளைகள், ஒருவர் சம்பளம். ஆனால் எங்கள் வார்டையே பாருங்கள். நான் பார்த்தவரை கணவனுக்கு மனைவி கொடுத்தது நான்கு, மகனுக்கு அம்மா கொடுத்தது மூன்று. மனைவிக்குக் கணவன் கொடுத்தது ஒன்று. அந்த ஒருவரைப் பற்றி வார்டில் கோயில் கட்டாத குறையாகப் பேசுவார்கள். கொடுத்த ஏழு பெண்களைப் பற்றி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உயிரோடு இருப்பவர் தானம் செய்வதில் கொடுப்பவர் பெரும்பாலும் பெண், வாங்குபவர் பெரும்பாலும் ஆண் என்பது நாடு முழுக்க உள்ள நிலைமைதான்.

காசு கொடுத்து வாங்கலாமே என்று காதோடு சொன்னவர்களும் உண்டு. வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பேர் வைத்திருந்தார்கள், அவ்வளவு ஏழைகள் அங்கே விற்றிருந்தார்கள். 1994 சட்டம் அந்த வியாபாரத்தைக் குற்றமாக்கியது. எனக்குச் சட்டத்தைவிட, வயிற்றில் தழும்போடு கடனும் அடையாமல் உட்கார்ந்திருந்த பெண்களின் படங்கள்தான் பயம்.

ஆகவே மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக அரசுப் பட்டியலில் பதிந்துவைத்திருக்கிறேன். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இதைப் பற்றி டீக்கடையில்கூடப் பேசினார்கள். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். என் ரத்தம் ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரர் சிறுநீரகத்தை யாருக்கும் கொடுக்கலாம், ஓ-விடமிருந்து மட்டும்தான் வாங்கலாம். கைபேசியை அணைப்பதே இல்லை. தெரியாத எண் அடித்தால் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடும். பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள்.

ஒரே ஒரு முறை நிஜமாக வந்தது. இரவு பதினொன்றரை. "எதுவும் சாப்பிடாம கிளம்பி வாங்க, நீங்க ரெண்டாவது ஆள்." போனோம், ரத்தம் கொடுத்தோம், நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே முதல் ஆளும் அவர் மனைவியும். அடுத்த கட்டிடத்தில் எங்கேயோ யாரோ ஒருவரின் வீட்டார் அழுதுகொண்டிருப்பார்கள் என்கிற நினைப்பை நான்கு பேரும் சொல்லாமலே பங்கிட்டுக்கொண்டோம். விடியற்காலையில் முதல் ஆளுக்குப் பொருந்திவிட்டது என்றார்கள். அந்த மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மன்னிப்புக் கேட்பதுபோல. நான் நல்லபடியாகச் சொல்லி அனுப்பினேன், நிஜமாகவே நல்லபடியாகத்தான். திரும்பும் வழியில் கணவர் வண்டியை நிறுத்தி இட்லி வாங்கினார். இருவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம். அவர் தண்ணீர் குடிக்காமல் பாட்டிலை மூடி வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் சி.ஏ.பி.டி. என்ற டயாலிசிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். திரவப் பையை மாற்றுவது தினமும் நான்கு தடவை, ஆனால் மெஷின் இல்லை, பயணம் சுலபம். தமிழக அரசு அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. எனக்கு அதை ஐந்து நிமிடத்தில் விளக்கினார்கள், அதில் மூன்று நிமிடம் தொற்று வரும் என்ற பயமுறுத்தல். அந்த நேரத்தில் நிதானமாக உட்கார்ந்து யாராவது பேசியிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேனோ என்று இன்னும் சில ராத்திரிகளில் தோன்றும்.

பண விஷயம் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், பேசினால் பி.பி. ஏறும். ஆட்டோக்கார அண்ணனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வண்டி ஓடாது, மூன்று நாள் வருமானம் கிடையாது. எங்கள் வருமானம் அந்த வரம்புக்குக் கொஞ்சம் மேலே. மாதத்துக்குப் பதின்மூன்று டயாலிசிஸ், ரத்தம் ஊறப் போடும் எபோ ஊசி, இரும்புச்சத்து, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை எல்லாம் கையிலிருந்து. இரண்டு பேரில் யார் நிலைமை மேல் என்று நாங்கள் அடிக்கடி விவாதித்துக்கொள்வோம். முடிவு வந்ததில்லை.

டாக்டர்கள் எங்களிடம் பார்ப்பது எண்களை. ஹீமோகுளோபின், பாஸ்பரஸ், கால்சியம். சாங் என்று ஒரு சர்வதேச முயற்சி, டயாலிசிஸ் ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் குடும்பத்தையுமே உட்காரவைத்துக் கேட்டது. மரணத்தோடும் இதயநோயோடும் சேர்த்துக் கட்டாயம் அளக்க வேண்டியவற்றில் அசதிக்கும் இடம் கிடைத்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. டயாலிசிஸ் முடிந்த மதியம் பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பேன். மாலை ஆறு மணிக்கு ஒரு மனுஷியாக எழுவேன். ஆகவே எனக்கென்று முழுசாக இருப்பது செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. அந்த நான்கு நாளில் இரண்டு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் விட்டதும் எனக்கு அம்மா வீடு திரும்பக் கிடைத்தது. சுமார் எட்டு மணி நேரம். வெள்ளி டயாலிசிஸ் முடித்து, சனிக்கிழமை போய், ஞாயிறு திரும்பி, திங்கள் எடை மெஷின் முன்னால் நிற்கலாம். என் வாழ்க்கைத் தரத்துக்கு எந்த மாத்திரையும் அவ்வளவு செய்யவில்லை.

மாணவி 36-ஆவது கேள்வியை முடித்துப் பேனாவை மூடினாள். "வேற ஏதாவது சொல்லணுமா ஆன்ட்டி?" என்றாள்.

அப்போது காபி வந்தது. எங்கள் சென்டரில் இது ஒரு வழக்கம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மெஷினில் இருந்துகொண்டே ஒரு காபி குடிப்போம், குடித்ததை மெஷினே எடுத்துவிடும். சாப்பிட்டாலும் குடித்தாலும் பி.பி. இறங்கும் என்று டாக்டர் முணுமுணுப்பார், எனக்கு இதுவரை இறங்கியதில்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறார். பாட்டிலிலிருந்து கழிக்க வேண்டாம், துளசிக்குக் கொடுக்க வேண்டாம். வாரத்தில் மூன்று தடவை, கணக்கில் வராத காபி.

டெக்னீஷியன் தம்பி மெஷின் திரையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"காபிக்கு எவ்ளோ சேர்க்கட்டும்க்கா?"

"இருநூறு."

2,200 என்று இருந்தது 2,400 ஆயிற்று. மாணவி படிவத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு நூத்தம்பது போடு தம்பி. ஆடை எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லு."